சர்வதேச வணிகம் படிக்கிறவருக்கு எந்த ஆங்கிலம் வேண்டும்?

ஒரு மாணவர் கேட்ட கேள்வி இதுதான். சர்வதேச வணிகத்தில் முதுநிலைப் படிப்பு, முதல் ஆண்டு. வகுப்பில் ஏழெட்டு நாட்டுக்காரர்கள். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கித்தான் சேர்ந்திருக்கிறார். பாடம் புரிகிறது, பரீட்சை எழுத முடிகிறது. ஆனால் ஒரு நிறுவனத்தின் பிரச்சினையை வகுப்பே சேர்ந்து அலசும் கேஸ் விவாதத்தில் வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. ஒரு மெயில் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. ஆறு மாதத்தில் இன்டர்ன்ஷிப். இலக்கணத்தை முதலிலிருந்து படிக்கட்டுமா, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா, உச்சரிப்பை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார்.

மூன்றுமே இப்போது வேண்டாம். 7 வாங்கியவரிடம் வேலைக்குத் தேவையான இலக்கணம் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்போக்கன் வகுப்பில் பிடித்த படம், போன பயணம் என்று பேசப் பழக்குவார்கள். மீட்டிங்குக்கு முந்தைய ஐந்து நிமிட அரட்டைக்கு அது உதவும், மீட்டிங்குக்கு உதவாது. உச்சரிப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். உங்களிடம் குறைவது இரண்டே விஷயம் என்று நினைக்கிறேன். தெரிந்த ஆங்கிலத்தைத் தேவையான நொடியில் எடுத்துப் பேசும் வேகம் ஒன்று. புரியாதபோது பேச்சை நிறுத்திக் கேட்கும் பழக்கம் இன்னொன்று. இரண்டையும் உங்கள் பாடத்தை வைத்தே வளர்த்துக்கொள்ளலாம்.

தேர்வு மதிப்பெண்ணுக்கும் பேச்சுக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி? ஜப்பானின் ரகுட்டென் நிறுவனம் 2010-இல் அலுவலக மொழியை ஆங்கிலமாக்கப் போவதாக அறிவித்து, ஊழியர்களுக்கு இரண்டு வருடம் கெடு வைத்தது. அளவுகோலாக எடுத்துக்கொண்டது டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வை. அந்தத் தேர்வின் வழக்கமான வடிவத்தில் கேட்டலும் வாசிப்பும் மட்டும்தான். 200 கேள்விகள், 990 மதிப்பெண், விடையைக் குறித்தால் போதும், ஒரு வாக்கியம்கூடப் பேச வேண்டியதில்லை. அதில் நிறைய மதிப்பெண் வாங்கியவர் மீட்டிங்கில் தடுமாறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஐ.இ.எல்.டி.எஸ்-ஸில் பேச்சுப் பகுதி உண்டுதான், 11 முதல் 14 நிமிடம். ஆனால் அங்கே உங்களுக்கு எதிரே ஒரே ஒரு ஆள். நீங்கள் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது அவருக்கு வேலை. கேஸ் விவாதத்தில் யாருக்கும் அந்த வேலை கிடையாது.

அப்புறம், யாரோடு பேசப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். லண்டன்காரரோடும் நியூயார்க்காரரோடும் மட்டும் இல்லை. கொரியாவில் இருக்கும் சப்ளையர், போலந்தில் இருக்கும் கணக்குக்காரர், பிரேசிலில் இருக்கும் வாடிக்கையாளர் என்று பெரும்பாலும் உங்களைப் போலவே ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவர்களோடுதான். ஸ்வீடன், பின்லாந்து நிறுவனங்கள் இணைந்து உருவான இரண்டு நிறுவனங்களில் ஊழியர்கள் எப்படி ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று லீனா லூஹியாலா-சால்மினென் என்ற பின்லாந்து ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரு தரப்புக்கும் தாய்மொழி அல்லாத, இருவருக்கும் பொதுவான ஒரு வேலைக்கருவியாக அங்கே ஆங்கிலம் இருந்தது. பெல்ஃப் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள், வணிகத்தில் பொது மொழியாகப் புழங்கும் ஆங்கிலம் என்பதன் சுருக்கம். இந்தத் துறையில் அடுத்தடுத்து வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய ஒரே திசையில்தான் போகின்றன. இலக்கணப் பிழை வேலையைக் கெடுப்பது அபூர்வம். விவரம் தெளிவாக இல்லாததும், தொழில் விஷயம் தெரியாததும்தான் கெடுக்கின்றன. ஐரோப்பாவில் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக அளக்கும் சி.இ.எஃப்.ஆர். அளவுகோலும், 2020-இல் வந்த விரிவாக்கப் பதிப்பில், தாய்மொழிக்காரரைப் போலப் பேசுவதை அளவுகோலாக வைப்பதைக் கைவிட்டுவிட்டது. நீங்களும் விட்டுவிடலாம்.

சரி, நிறுத்திக் கேட்கும் பழக்கத்துக்கு வருவோம். மாணவர்கள் எல்லோரும் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான்.

ஒரு போன் அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு அனுப்பும் ஏஜென்ட் அந்தப் பக்கம் வேகமாகப் பேசுகிறார். அவர் சொன்னதில் 'கார்கோ காட் ரோல்ட்' என்பது மட்டும் உங்களுக்குப் புரியவில்லை. 'யெஸ், ஓகே' என்று சொல்லிவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஒரு வழி. பத்தில் எட்டு பேர் அதைத்தான் செய்வார்கள். 'சாரி? பார்டன்?' என்பது இன்னொரு வழி. ஆனால் எது புரியவில்லை என்று அவருக்குத் தெரியாதே, அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொல்வார். மூன்றாவது வழி, புரிந்ததைத் திருப்பிச் சொல்லி, புரியாத இடத்தில் விரலை வைப்பது. 'யூ செட் த கார்கோ காட் ரோல்ட். டஸ் தட் மீன் இட் கோஸ் ஆன் த நெக்ஸ்ட் வெசல்?' கப்பலில் இடம் இல்லாமல் சரக்கு அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படுவதைத்தான் அந்தத் தொழிலில் அப்படிச் சொல்கிறார்கள். உங்கள் ஊகம் சரியாக இருந்தால் அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே போவார். தவறாக இருந்தாலும் நஷ்டமில்லை, எது சரி என்று அவரே சொல்லிவிடுவார். அடுத்த கேள்வியும் தானாக வந்துவிடும்: அந்தக் கப்பல் எப்போது கிளம்புகிறது?

இப்படிக் கேட்டால் ஆங்கிலம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் வாயைக் கட்டிப்போடுகிறது. நடப்பது நேர்மாறு. விஷயம் தெரிந்தவர்தான் இவ்வளவு குறிப்பாகக் கேட்க முடியும்.

தலையாட்டிவிட்டுப் போவதும், அழுத்திச் சொல்ல வேண்டியதை மென்மையாகச் சொல்வதும் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு வணிகத்துக்கு வெளியே ஒரு கொடுமையான உதாரணம் இருக்கிறது. 1990 ஜனவரி 25 அன்று, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா 52 விமானம் வானிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று விமானிகள் சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள். ஆனால் அவசரநிலை என்பதை அதற்கென்று வகுத்த சொல்லால் அறிவிக்கவில்லை. தரைக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு விஷயத்தின் தீவிரம் போய்ச் சேரவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். சர்வதேச சிவில் விமான நிறுவனமான ஐ.சி.ஏ.ஓ. பின்னாளில் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் தகுதி அளவுகோல் கொண்டுவந்தது. 2008 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த அளவுகோலில் ஆறு பிரிவுகள் உண்டு. உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம், புரிதல் ஆகியவற்றோடு உரையாடல் என்று ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். தேர்ச்சிக்கு வேண்டிய நான்காம் நிலையில் அதற்கு எதிர்பார்ப்பது, தவறான புரிதல் வந்தால் சரிபார்த்தோ, உறுதி செய்துகொண்டோ, விளக்கம் கேட்டோ சமாளிக்கத் தெரிய வேண்டும் என்பது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலையிலேயே திருப்பிக் கேட்பது தகுதியின் பகுதி என்கிறபோது, டெலிவரி தேதிக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

இதைப் பழக ஒரு குறுக்குவழி சொல்கிறேன். உங்கள் குழு ப்ராஜெக்ட்டில் மினிட்ஸ் எழுதும் வேலையை நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்கும் பிடிக்காத வேலை, உடனே கொடுத்துவிடுவார்கள். குறிப்பு எழுதுகிறவருக்குப் பேச்சை நடுவில் நிறுத்த முழு உரிமை உண்டு. 'மினிட்ஸுக்காகக் கேட்கிறேன், யார் செய்வதாக முடிவு? எந்தத் தேதிக்குள்?' என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கேட்ட பிறகு அதைத் தெளிவான நாலு வரியில் எழுதி அனுப்பியாக வேண்டும். கேட்டல், குறுக்கிடல், உறுதி செய்தல், சுருக்கி எழுதுதல் எல்லாம் ஒரே மீட்டிங்கில் நடந்துவிடும். நான் சொல்லிக்கொடுத்த மாணவர்களில் கூச்ச சுபாவக்காரர்களுக்கு இதைவிட நன்றாக வேலை செய்த ஒன்றை நான் பார்த்ததில்லை.

அடுத்தது எண்கள். வணிகம் படிக்கிறவருக்கு ஆங்கிலத்தில் எண் சொல்ல வராது என்றால் நம்ப மாட்டீர்கள். பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் அறிக்கையை எடுத்து ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். வார்த்தைகளில் ஓடுகிற நாக்கு எண் வந்ததும் நிற்கும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும், எங்கே அழுத்துகிறோம் என்பதில்தான் வித்தியாசம். அதனால் அனுபவசாலிகள் எண்ணைச் சொல்லிவிட்டு 'ஒன் ஃபைவ்' என்று இலக்கமாகவும் ஒருமுறை சொல்வார்கள். நீங்களும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இன்னொன்று, விலை 'ரோஸ் பை ஃபைவ் பர்சென்ட்' என்றால் இருந்ததைவிட 5 சதவீதம் கூடியது. வட்டி 'ரோஸ் டு ஃபைவ் பர்சென்ட்' என்றால் கூடிக் கூடி 5-இல் வந்து நிற்கிறது. 4 சதவீத வட்டி 5 சதவீதம் ஆனால் கூடியது ஒரு சதவீதப் புள்ளி, ஆனால் வட்டி உயர்ந்திருப்பது 25 சதவீதம். இந்த இடத்தில் வரும் குழப்பம் ஆங்கிலக் குழப்பமா கணக்குக் குழப்பமா என்று பிரிக்கவே முடியாது. அதனால்தான் தனி ஆங்கில வகுப்பில் இதைச் சொல்லித்தருவதும் குறைவு.

எதிராளியின் தாய்மொழியும் எண்ணுக்குள் வந்து உட்காரும். ஜெர்மன்காரருக்கு அவர் மொழியில் பில்லியோன் என்றால் லட்சம் கோடி. ஆங்கில பில்லியனை அவர்கள் மில்லியார்டே என்பார்கள். ஸ்பானிஷிலும் இதே கதைதான். பிரிட்டன்கூட 1974-இல்தான் அரசாங்கக் கணக்குகளில் பில்லியனை நூறு கோடி என்று எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவின் பல நாடுகளில் தசமத்துக்குக் கமாவும் ஆயிரத்துக்குப் புள்ளியும் வரும். 03/04 என்று எழுதினால் அமெரிக்கருக்கு மார்ச் 4, பிரிட்டிஷ்காரருக்கு ஏப்ரல் 3. மெயிலில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், பெரிய தொகையைச் சொன்னால் எத்தனை சைபர் என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். மொழியறிவே தேவைப்படாத முன்ஜாக்கிரதை இது. ஆனால் இதைச் செய்கிறவரைத்தான் நம்பிக்கையான ஆள் என்பார்கள்.

இனி வேகம். தெரிந்த விஷயத்தைத் தேவையான நேரத்தில் பேச வைக்க மொழி ஆசிரியர்களிடம் ஒரு பழைய பயிற்சி இருக்கிறது, 4/3/2 என்று பெயர். 1980-களில் கீத் மாரிஸ் என்பவர் எழுதியது, பால் நேஷன் என்ற சொல்வள ஆய்வாளர் பிரபலப்படுத்தினார். ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம் சொல்ல வேண்டும். உடனே ஆளை மாற்றி, அதே விஷயத்தை 3 நிமிடத்தில். மறுபடி ஆளை மாற்றி 2 நிமிடத்தில். ஒவ்வொரு முறையும் கேட்கிறவர் புதியவர் என்பது முக்கியம். பழைய ஆளிடமே சொன்னால் நமக்கே சலித்துவிடும், பாதியை விழுங்கிவிடுவோம்.

உங்களுக்கு ஏற்றபடி செய்து காட்டுகிறேன். தலைப்பு, சி.ஐ.எஃப். என்ற வணிக நிபந்தனை. பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வணிக சபையின் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகள் பதினொன்றில் இது ஒன்று, உங்கள் பாடத்தில் கட்டாயம் இருக்கும். விற்பவர் சேரும் துறைமுகம்வரை கப்பல் கட்டணமும் காப்பீடும் கட்ட வேண்டும். ஆனால் சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் கப்பலில் ஏறியதுமே ஆபத்துப் பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடும். கட்டணம் ஒரு இடம்வரை, பொறுப்பு வேறொரு இடம்வரை. முதல் 4 நிமிடத்தில் நீங்கள் வரையறையை ஒப்பிப்பீர்கள், 'அதாவது', 'அந்த மாதிரி' என்று இழுப்பீர்கள். 3 நிமிடத்தில் வரையறை உதிர்ந்து ஒரு உதாரணம் வந்துவிடும். நடுக்கடலில் புயல், பெட்டிகள் நனைந்துவிட்டன, யாருடைய நஷ்டம்? 2 நிமிடத்தில் அந்த உதாரணத்திலிருந்தே ஆரம்பிப்பீர்கள். மூன்றாம் முறை பேசியதை மட்டும் போனில் பதிவு செய்து வையுங்கள். அடுத்தடுத்த முறைகளில் வார்த்தைகளைத் தேட வேண்டியதில்லை, மூளை வாக்கியத்தைக் கட்டுவதில் இறங்கிவிடுகிறது. வாரம் ஒரு பாடப்பொருள் போதும். எஃப்.ஓ.பி. என்ற இன்னொரு வணிக நிபந்தனை, வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம், நாணய மாற்று இடர் என்று போகலாம். பரீட்சைக்குப் படித்த மாதிரியும் ஆகிவிடும்.

கூடப் பேச ஆள் இல்லையென்றால்? சுவரைப் பார்த்துப் பேசலாம், அரைப் பயன் உண்டு. ஆனால் பல நாட்டு வகுப்பில் உட்கார்ந்துகொண்டு ஆள் இல்லை என்று சொல்வது கொஞ்சம் அதிகம். உண்மையான சிக்கல், ஒரே மொழிக்காரர்கள் ஒரே மேசையில் கூடிவிடுவது. யாரையும் குறை சொல்லவில்லை, நாள் முழுக்க அந்நிய மொழியில் இருந்தவருக்கு அது ஓய்வு. சாப்பிடும்போது அப்படியே இருங்கள். ப்ராஜெக்ட் குழுவை மட்டும் வேறு மொழிக்காரர்களோடு அமைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் விவாதத்தில் நுழைவதற்குத் தனி உத்தி வேண்டும், ஏனென்றால் அங்கே பிரச்சினை மொழி மட்டுமில்லை, வரிசை. முழு கருத்தையும் வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டு போகிறவர்கள் அதைச் சொல்லும் தருணத்துக்காகக் காத்திருந்தே வகுப்பைக் கழித்துவிடுவார்கள். அதற்குப் பதில் இரண்டு சின்ன விஷயத்தோடு போங்கள். கேஸில் உள்ள அட்டவணையிலிருந்து நீங்களே கணக்குப் போட்டு எடுத்த ஒரு எண், ஒரு கேள்வி. எண்ணோடு வருகிறவருக்கு வகுப்பு வழிவிடும், எல்லோரும் அபிப்பிராயத்தோடு வந்திருப்பார்கள் என்பதால். 'இந்த விலையில் விற்றால் யூனிட்டுக்கு லாபம் 2 டாலர்தான் நிற்கிறது, அதை வைத்து எப்படி விளம்பரம் செய்வது?' இவ்வளவுதான் பேச்சு. முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். நேரம் ஆக ஆகச் சுலபமான இடங்களையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள், உங்கள் தயக்கமும் இறுகிவிடும். முன்னால் பேசியவர் பெயரைச் சொல்லி அவர் சொன்னதோடு உங்கள் வாக்கியத்தைச் சேர்த்தால் நுழைவது இன்னும் எளிது.

கேட்டல் பயிற்சிக்கு பாட்காஸ்ட், உரை என்று பலர் சொல்வார்கள். அவற்றைவிட நல்ல சரக்கு இலவசமாகக் கிடக்கிறது: பெரிய நிறுவனங்களின் காலாண்டு முடிவு அழைப்புகள், அதாவது நிறுவனத் தலைவர்கள் தங்கள் கணக்கு முடிவுகளை முதலீட்டாளர்களுக்கு விளக்கும் தொலைபேசிக் கூட்டங்கள். முக்கியத் தகவலைச் சிலருக்கு மட்டும் தனியாகச் சொல்லக்கூடாது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2000-இல் விதி கொண்டுவந்த பிறகு, இந்த அழைப்புகளை யார் வேண்டுமானாலும் கேட்க முடிகிறது. நிறுவனத்தின் முதலீட்டாளர் பக்கத்தில் ஒலிப்பதிவு இருக்கும், எழுத்து வடிவமும் பெரும்பாலும் கிடைக்கும். முதல் பாதியில் தலைமைச் செயல் அதிகாரி எழுதி வைத்ததை வாசிப்பார், அதைத் தள்ளிவிடுங்கள். இரண்டாம் பாதியில் பகுப்பாய்வாளர்கள் கேள்வி கேட்பார்கள். அங்கேதான் விஷயம். சங்கடமான கேள்வியை மரியாதையாக எப்படிக் கேட்கிறார்கள், பதில் சொல்ல விரும்பாதவர் எப்படி நழுவுகிறார், கேட்டவர் விடாமல் எப்படி மறுபடி வருகிறார் என்று கவனியுங்கள். பல நாட்டு உச்சரிப்பும் ஒரே அழைப்பில் கிடைக்கும். ஒரு கேள்வி, ஒரு பதில் மட்டும் எடுத்து, முதலில் எழுத்து இல்லாமல் கேட்டு, பிறகு எழுத்தோடு ஒப்பிட்டு, கடைசியில் அந்தப் பதிலை உங்கள் வார்த்தையில் சொல்லிப் பாருங்கள்.

மெயிலுக்கு ஒரு மணி நேரம் ஆவதற்குக் காரணம் ஆங்கிலம் என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும், என்ன வேண்டும் என்று முடிவு செய்யாமல் எழுத உட்காருவதுதான் காரணம். மாணவர் எழுதும் முதல் வரைவு ஏறக்குறைய இப்படி இருக்கும்: நலம் விசாரிப்பு, தன்னைப் பற்றி இரண்டு வரி, நடந்தவை எல்லாம் நடந்த வரிசையில் ஒரு பத்தி, மன்னிப்பு, கடைசி வரியில் வேண்டுகோள். படிக்கிறவர் போனில் முதல் இரண்டு வரியைத்தான் பார்ப்பார். அதையே திருப்பிப் போடுங்கள். தலைப்பு வரியில் ஆர்டர் எண்ணும் வேண்டியதும்: 'ஆர்டர் 4417, டெலிவரி தேதி வெள்ளிக்குள் வேண்டும்'. முதல் வரி: புதிய டெலிவரி தேதியை வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்ய முடியுமா? அடுத்த வரி காரணம்: எங்கள் வாடிக்கையாளர் 20-ஆம் தேதி கடை திறக்கிறார். அதற்கு அடுத்து, தேதி முடியாவிட்டால் என்ன செய்யலாம் என்று ஒரு மாற்று: பாதிச் சரக்கை முதலில் அனுப்ப இயலுமா? முடிந்தது. இலக்கணம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இந்த மெயிலுக்குப் பதில் வரும்.

எளிமையாக எழுதினால் படிப்பில்லாதவர் என்று நினைப்பார்களோ என்றால், 1998-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நிறுவனங்கள் எளிய ஆங்கிலத்தில் எழுத வழிகாட்டி வெளியிட்டபோது அதற்கு முன்னுரை எழுதியவர் பெரும் முதலீட்டாளரான வாரன் பஃபெட். தன் சகோதரிகளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பங்குதாரர்களுக்கான ஆண்டறிக்கையை எழுதுவதாக அதில் சொல்லியிருக்கிறார். அவர்கள் புத்திசாலிகள், ஆனால் கணக்குத் துறை நிபுணர்கள் இல்லை. பெர்க்‌ஷயர் ஹாத்வே என்ற அவருடைய நிறுவனத்தின் தளத்தில், 1977 முதல் பங்குதாரர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. நிதி விஷயத்தை எளிதாகச் சொல்வது எப்படி என்று பார்க்க அவற்றில் இரண்டு படித்தால் போதும்.

பணிவு விஷயத்தில் ஒன்று. 'ப்ளீஸ்' போட்டால் எல்லாம் பணிவாகிவிடாது, 'ப்ளீஸ் சென்ட்' என்பது இன்னமும் கட்டளைதான். எப்படியும் செய்ய வேண்டிய சின்ன வேலைக்கு அது சரி. அவருக்குக் கூடுதல் சிரமம் தரும் வேண்டுகோளுக்குக் கேள்வி வடிவம், அதைவிடப் பெரிய உதவிக்கு இன்னும் சுற்றி வளைத்த வடிவம். சிரமம் கூடக் கூட வாக்கியம் நீளும். எதிராளி எழுதும் பதிலின் தொனியைப் பார்த்து அதே உயரத்தில் நின்றுகொண்டால் பெரும்பாலும் தப்பாது.

ஆனால் எளிமை, நட்பு எல்லாம் ஒப்பந்தத்தின் வாசல்வரைதான். அதற்குள்ளே ஒவ்வொரு சொல்லுக்கும் விலை உண்டு. 'ஷல்' என்றால் கடமை, 'மே' என்றால் விருப்பம். பொருள் விற்பனைக்கான ஐக்கிய நாடுகள் ஒப்பந்தம், 1980-இல் வியன்னாவில் உருவானது, உங்கள் பாடத்தில் வரும். அதன் 19-ஆம் பிரிவின்படி, விலை, அளவு, தரம், பணம் செலுத்தும் முறை, டெலிவரி போன்றவற்றை மாற்றி 'சம்மதம்' என்று பதில் போட்டால் அது சம்மதமே ஆகாது, எதிர் முன்மொழிவு. அதே ஒப்பந்தத்தின்படி, விற்பனை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் இல்லை. அதனால், போனில் உற்சாகமாக 'டன்' என்று சொல்வதற்கு முன் ஒரு நொடி யோசிக்க வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் உங்களிடம் ஒப்பந்தம் எழுதச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மெயில் எழுதச் சொல்வார்கள், மெயிலும் ஒப்பந்தம் ஆகலாம்.

சொல்வளம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கல்வித் துறைச் சொற்களுக்கு ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்த 570 சொற்குடும்பப் பட்டியலும், வணிகத்துக்குச் சுமார் 1,700 சொற்கள் கொண்ட பிசினஸ் சர்வீஸ் லிஸ்ட்டும் இணையத்தில் இலவசம். ஒருமுறை கண்ணை ஓட்டி, தெரியாததை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தனிச் சொல்லாக எழுதாதீர்கள், கூட வரும் சொல்லோடு எழுதுங்கள். 'டெட்லைன்' என்பது எல்லோருக்கும் தெரியும். அதை 'மீட்' செய்வதா, 'எக்ஸ்டெண்ட்' செய்வதா, 'மிஸ்' செய்வதா என்பதுதான் பேசும்போது தேவைப்படும்.

உச்சரிப்பு. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர் 2000-இல், பல மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எந்த ஒலிகள் பிசகினால் புரியாமல் போகிறது என்று பிரித்துக் காட்டினார். பெரும்பாலான மெய்யொலிகள், சொல்லின் தொடக்கத்தில் வரும் கூட்டு மெய்கள், உயிரின் குறில் நெடில் வித்தியாசம், வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பது ஆகியவை முக்கியம். 'திங்க்' என்பதில் வரும் அந்த ஆங்கிலத் 'த' பிசகினால் யாருக்கும் எதுவும் குறையாது. கடைசியாகச் சொன்ன அழுத்தத்தை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். 'வி கேன் ஷிப் ஆன் மண்டே' என்பதில் மண்டேயை அழுத்தினால் வேறு நாள் இல்லை என்று பொருள், வி-யை அழுத்தினால் மற்றவர்களால் முடியாது, எங்களால் முடியும் என்று பொருள். அமெரிக்க உச்சரிப்பு வகுப்புக்குப் பணம் கட்டுவது, என் கணக்கில், வீண்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பயன்படுத்துவீர்கள் என்று தெரியும். முதல் வரைவை அதனிடம் கேட்காதீர்கள். நீங்கள் எழுதிய பிறகு கொடுத்து, எதை ஏன் மாற்றியது என்று கேளுங்கள். மூன்று மெயிலுக்குள் உங்கள் வழக்கமான பிழைகள் இரண்டோ மூன்றோதான் என்று தெரிந்துவிடும். அவற்றைத் திருத்தினால் போதும். சங்கடமான வாடிக்கையாளராக நடிக்கச் சொல்லி அதனோடு பேச்சுப் பயிற்சியும் செய்யலாம், இரவு பன்னிரண்டு மணிக்கு வேறு யார் கிடைப்பார்கள். ஒரே குறை, அது உங்களை நடுவில் வெட்டிப் பேசாது, பொறுமை இழக்காது. அதற்கு மனிதர்கள்தான் வேண்டும்.

பிரசென்டேஷனுக்கு நான் தனி இடம் கொடுக்காததைக் கவனித்திருப்பீர்கள். மனப்பாடம் செய்தாவது அதைச் சமாளித்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு வரும் கேள்வி நேரத்துக்குத்தான் மேலே சொன்ன எல்லாம்.

ஆறு மாதத்தை எப்படிப் பிரிப்பது என்றால், நான் மினிட்ஸையும் எண்களையும் இந்த வாரமே ஆரம்பிப்பேன், 4/3/2-ஐ வாரம் ஒருமுறை கடைசிவரை விடாமல் செய்வேன், காலாண்டு அழைப்புகளை முடிவுகள் வெளிவரும் மாதங்களில் எடுத்துக்கொள்வேன். ஒப்பந்த ஆங்கிலம் இன்டர்ன்ஷிப்புக்கு முந்தைய மாதம் போதும். மாதம் ஒருமுறை பழைய பதிவைக் கேளுங்கள், எங்கே நிற்கிறீர்கள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்ததும் முதல் வாரம், உங்கள் மேலாளரிடம் முடிந்துபோன ஒரு ஆர்டரின் முழு மெயில் தொடரையும் படிக்க அனுமதி கேளுங்கள். அந்த நிறுவனம் வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைக்கிறதா, தாமதத்தை எந்த வாக்கியத்தில் சொல்கிறது, விலைப் பேச்சில் எந்த இடத்தில் போனுக்கு மாறுகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். அங்கே புழங்கும் வாக்கியங்களை ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, முதல் மாதம் அவற்றை வைத்தே எழுதுங்கள்.